கல்லிச்சி மரத்து மஞ்சள்

அனுசுயாவின் கடையில் மஞ்சள் மட்டும் பதினேழு விதம் இருந்தது. ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் இரண்டு பாத்திரக் கடைகளுக்கு நடுவில் ஒடுங்கி நிற்கும் மேட்சிங் சென்டர் அது. யாராவது புடவையைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க மாட்டாள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். உள்ளே வந்து நேராக ஓர் அடுக்கில் கை வைப்பாள். கை வைத்த துணி பொருந்தும். இருபது வருஷத்தில், கலர் சேரவில்லை என்று திரும்பி வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம்.

அப்படிப்பட்டவளிடம், நீ பார்த்த மஞ்சள் மஞ்சளே இல்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவர் பெனடிக்ட். ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தைந்து வருஷமாகப் பறவை பார்க்கிறவர். திருச்சிப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தக் குழு வைத்திருந்த மாவட்டப் பறவைப் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏற வேண்டுமென்றால் பெனடிக்ட் தலையாட்ட வேண்டும். அவர் லேசில் தலையாட்டுகிறவர் இல்லை.

அனுசுயா பறவை பார்க்க ஆரம்பித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் கொள்ளிடக் கரையில் நடக்கப் போனாள். நடையை விட மணல் திட்டில் நிற்கிற கொக்கும் நாரையும் அவளைப் பிடித்துக்கொண்டன. பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினாள். அதன் வார் அறுந்து போனபோது கடையிலிருந்த பாவாடை நாடாவையே இரட்டையாக மடித்துக் கட்டிக்கொண்டாள். தினமும் விடிந்ததும் இரண்டு மணி நேரம் ஆற்றங்கரை, பிறகு கடை.

பிப்ரவரியில் உப்பிலியபுரத்தில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்ததும் அவள் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பச்சைமலை அடிவாரம் பக்கம் நடந்தாள். அங்கே பாறை இடுக்கில் வேரை விட்டு நின்றது அத்தி இனத்துக் கல்லிச்சி மரம் ஒன்று. சுண்டைக்காய் அளவுப் பழம் கிளை கொள்ளாமல் பழுத்துக் கிடந்தது. அதில் வந்து உட்கார்ந்தது ஒரு குருவி. தொண்டை பளீரென்று மஞ்சள், தலை இளம்பச்சை கலந்த மஞ்சள். பத்து எண்ணும் நேரம் இருந்துவிட்டுப் பறந்துவிட்டது. பெயர் தெரியாமல் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினாள். மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் மட்டும், அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற பறவை. மாவட்டப் பட்டியலில் அது இல்லை.

குழுவில் எழுதிப் போட்டாள். பெனடிக்டின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. ‘வெண்புருவச் சின்னானாக இருக்கலாம். அதற்கும் வால் அடியில் மஞ்சள் உண்டு. புதியவர்கள் குழம்புவது இயல்பு. படம் இல்லாமல் ஏற்க இயலாது. நன்றி.’ அதன் கீழே இன்னொருவர், ‘மேடம் கடைத் துணி ஞாபகத்திலேயே பார்த்திருப்பாங்க’ என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டார். அதற்கு இருபது முப்பது பேர் சிரித்தார்கள்.

அனுசுயா குழுவில் வாதம் செய்யவில்லை. பெனடிக்டைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், நீங்க ஒரு நாள் என்கூட உப்பிலியபுரம் வாங்க. நான் காட்டறேன்.”

“பறவை உங்களுக்காக அங்கேயே காத்திருக்காது மேடம்.”

“இருக்கும் சார். வாங்க.”

மார்ச்சில் அவருக்கு ஊரில் வேலை. ஏப்ரலில் வெயில். மே மாதம் மகள் வந்திருந்தாள். அனுசுயா ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கூப்பிட்டாள், கோபமில்லாமல், பால்காரரிடம் கணக்குச் சொல்கிற குரலில். ஜூன் முதல் தேதி கூப்பிட்டபோது அவர் சிரித்துவிட்டார். “சரி மேடம். ஞாயிற்றுக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு வரேன்.” குழுவிலும் அதை ஒரு வரி எழுதிப் போட்டார்.

அந்த ஞாயிறு முகூர்த்த நாள். கடையை மூட முடியாது. கணவர் ரெங்கராஜ், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு ஊதாவும் கத்தரிப்பூவும் ஒன்றுதான். ஆனாலும் சொன்னார்.

பெனடிக்டின் கார் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டும்போது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் உமி வாசனை வந்து போனது. துறையூரில் டீ. பெனடிக்ட் அளவோடு பேசுகிறவர். காரின் பின்சீட்டில் அவருடைய கேமரா கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றிக் கிடந்தது. டீயைக் குடித்தபடி அவர் அவளுடைய பைனாகுலரைப் பார்த்தார்.

“இது என்ன வார் மேடம்?”

“பாவாடை நாடா சார். அறுகாது.”

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

ஆறே முக்காலுக்கு அடிவாரத்தில் இறங்கினார்கள். சோளத்துக்கு உழுது போட்டிருந்த காடுகளைத் தாண்டினால் வேலிக்கருவை, அதைத் தாண்டினால் பாறை. யானைக்கூட்டம் படுத்துக் கிடப்பதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டை உருண்டையாக ஏறிப்போய் மலையோடு சேர்ந்துகொண்டிருந்தது. அனுசுயா முன்னால் நடந்தாள். வழியை அவள் மறக்கவில்லை.

கல்லிச்சி மரம் இருந்தது. பழம்தான் ஒன்றுகூட இல்லை. காய்ந்த இலைகள் பாறையில் சரசரத்தன.

பெனடிக்ட் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கேமராவைத் துண்டிலிருந்து எடுத்தார். அரை மணி நேரம் நின்றார்கள். ஏழரை மணி வாக்கில் பக்கத்துப் புதரிலிருந்து தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி குளுகுளுவென்று ஒரு சத்தம் எழுந்தது. ஒரு குருவி கிளைக்கு வந்தது. பச்சை கலந்த பழுப்பு முதுகு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, வால் அடியில் மஞ்சள். கேமரா சடசடவென்று அடித்தது.

பெனடிக்ட் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவர் குரலில் வெற்றி இல்லை, ஒருவிதமான கனிவுதான் இருந்தது. “இதுதானே மேடம் நீங்க பார்த்தது? அதே மரம், அதே இடம். வெண்புருவச் சின்னான். நல்ல பறவைதான். யாருக்கும் குழப்பம் வரும்.”

அனுசுயா கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு உள்ளே ஏதோ இடறியது. அன்றைக்கு மதிய வெயில் சாய்வாக இருந்தது. பந்தியில் சாப்பிட்ட களைப்பு. பத்து எண்ணும் நேரம். ஒருவேளை இதுதானோ? அவள் கண்ணை மூடி அந்தக் குருவியை மறுபடி கிளையில் உட்கார வைத்துப் பார்த்தாள். கடைக்கு வருகிற பெண்கள் புடவையை வீட்டில் வைத்துவிட்டு வந்து, ‘ஒரு மாதிரி மஞ்சள்ங்க’ என்பார்கள். எந்த மாதிரி என்று அவள் கேட்டுக் கேட்டே அந்தத் துணியை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது தெளிவாக இருந்தது.

“இது இல்ல சார்.”

“மேடம்...”

“இதோட வயிறு பழைய வேட்டியை மஞ்சத் தண்ணியில அலசின மாதிரி இருக்கு. நான் பார்த்ததுக்குத் தொண்டை மட்டும் தனியா மஞ்சள். வெளுப்பே கலக்காத மஞ்சள். கீழே நெஞ்சு சாம்பல். அந்த ரெண்டும் எங்க சேருதுன்னு கோடு போட்டுக் காட்டலாம். தலையும் மஞ்சப்பச்சை. புருவம் கிடையவே கிடையாது. இது வேற பறவை சார்.”

“ஞாபகம் நாலு மாசத்துல மாறும்.”

“மத்தது மாறும். கலர் எனக்கு மாறாது.”

அவர் தோளைக் குலுக்கினார். “சரி. ஆனா இங்க இல்லையே. திரும்பற வழியில ஒரு ஏரி இருக்கு. அங்க போனா நாளாவது வீணாகாது.”

“பழம் இல்லாததால இங்க இல்ல. பழம் எங்க இருக்கோ அங்க இருக்கும்,” என்றாள் அனுசுயா.

ஆனால் எங்கே? அந்த மலைச்சரிவில் ஆயிரம் மரம். அவள் சுற்றிலும் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் வெள்ளாட்டுக் கூட்டம் ஒன்று பாறை விளிம்பில் தாவிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண், தலையில் துண்டு, கையில் தொரட்டிக் கோல். அனுசுயா நேராக அவளிடம் போனாள். அந்தப் பெண்ணின் பெயர் பாப்பாயி. ஐம்பது வயதிருக்கும். இவர்கள் பைனாகுலரையும் கேமராவையும் பார்த்து, அளவெடுக்க வந்த ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்து முதலில் முகத்தைச் சுளித்தாள்.

“நாங்க ஆபீஸ் இல்லைங்க. குருவி பார்க்க வந்தோம்.”

“குருவியா?” பாப்பாயி பெனடிக்டை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு பெரிய மிஷினை வச்சா?”

“இந்தக் கல்லிச்சி மாதிரி, இப்போ பழுத்திருக்கிற மரம் வேற எங்கயாவது இருக்குதாங்க?”

“ஏன் இல்ல? அந்த மொட்டப் பாறை தெரியுதுல்ல, அதுக்குப் பின்னால பெரிய மரமா ஒண்ணு இருக்கு. பத்து நாளா பழம் கொட்டுது. இதுங்க மூக்கு பாருங்க, அங்கேயேதான் ஓடும். நேத்து ரெண்டு ஆட்டை இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு.” பாப்பாயி கோலால் வழி காட்டினாள். “தண்ணி இருக்குதா? மேல கெடைக்காது.”

மொட்டைப் பாறை கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தூரம். பெனடிக்ட் மணி பார்த்தார். எட்டரை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. “பதினொண்ணு வரைக்கும். அதுக்கு மேல இல்ல,” என்றார்.

பாதி ஏறியிருப்பார்கள். பின்னால் ‘ச்சே’ என்று சத்தம். அனுசுயா திரும்பிப் பார்த்தாள். பெனடிக்டின் இடது ஷூவின் அடிப்பகுதி அப்படியே பிளந்து நாக்கைப் போலத் தொங்கியது. வெகு நாளாகப் பெட்டியில் கிடந்த ஷூ. பாறைச் சூட்டில் பசை விட்டுவிட்டது. அவர் பாறையில் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகம் சின்னப் பையனைப் போல ஆகிவிட்டது.

“நீங்க போங்க மேடம். நான் இங்கேயே இருக்கேன்.”

“நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லணும், நீங்க படம் இல்லைன்னு சொல்லணும். அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? காலைக் காட்டுங்க சார்.”

அவள் பைனாகுலரிலிருந்து நாடாவை உருவினாள். ஷூவின் அடியோடு சேர்த்து இரண்டு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று, மேலே ஒரு முடிச்சு. முடிச்சு போடும்போது அவர் கூச்சத்தில் நெளிந்தார். எழுந்து இரண்டு அடி வைத்துப் பார்த்தார். நின்றது. பைனாகுலரை அனுசுயா கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

மொட்டைப் பாறையைச் சுற்றிக்கொண்டு போனதும் மரம் தெரிவதற்கு முன்பே சத்தம் கேட்டது. கல்யாண வீட்டுச் சத்தம். பாப்பாயி சொன்னது போலப் பெரிய மரம்தான். ஆரஞ்சும் சிவப்புமாகப் பழம் பழுத்துக் குலுங்கியது. பச்சைப் புறா பத்துப் பதினைந்து, குக்குறுவான், மைனா, குயில். கொண்டை வைத்த செங்குதச் சின்னான்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன. பெனடிக்டின் முகமே மாறிவிட்டது. நாடா கட்டிய காலோடு ஒரு பாறைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைத் தூக்கினார்.

ஒன்பதரை. பத்து. பத்தே கால். பாறை கால் வழியாகச் சுட்டது. அனுசுயா மரத்தைக் கிளை கிளையாகப் பிரித்து, இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். துணி அடுக்கைத் தேடுகிற அதே பார்வை.

மரத்தின் வலது ஓரத்தில், பாறையைத் தொட்டுக்கொண்டிருந்த தாழ்ந்த கிளையில் அது இருந்தது.

எப்போது வந்தது என்று தெரியவில்லை. தொண்டையில் வெயில் நேராக விழுந்தது. அதே மஞ்சள். பெனடிக்டின் முழங்கையை மெதுவாகத் தொட்டாள். குரலை எழுப்பாமல், “வலது பக்கம். பாறையை ஒட்டின கிளை,” என்றாள். கேமரா நகர்ந்தது. லென்ஸ் சுழன்றது.

அவள் பையில் போன் அலறியது.

கிளை காலி. குருவி கண்ணிமைக்கும் நேரத்தில் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. பச்சைப் புறாக்கள் மொத்தமாகப் படபடத்துக் கிளம்பின. அனுசுயா பையைக் கவிழ்த்துப் போனைத் தேடி எடுத்தாள். ரெங்கராஜ்.

“அனுசுயா, வாடாமல்லி கலர் எந்த அடுக்குல இருக்கு? இந்த அம்மா அரை மணி நேரமா நிக்கறாங்க.”

“மூணாவது அடுக்கு, இடது ஓரம்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “இனிமே கூப்பிடாதீங்க. யாராவது கேட்டா சாயங்காலம் வரச் சொல்லுங்க.” போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு நிமிர்ந்தாள். “சார், மன்னிச்சுக்கங்க. பார்த்தீங்களா?”

பெனடிக்ட் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கிளையும் கலங்கலான ஒரு நிழலும்தான் இருந்தன.

“எதையோ பார்த்தேன்.”

“எதையோன்னா?”

“மஞ்சளா எதையோ.” அவர் நிமிர்ந்தார். “பொய் சொல்ல மாட்டேன் மேடம். அரை நொடி. நீங்க சொன்னதைக் கேட்டுட்டே பார்த்ததால எனக்கும் மஞ்சளாத் தெரிஞ்சிருக்கலாம். இதை வச்சு நான் ஆமான்னு சொன்னா, நாளைக்கு யார் எதைச் சொன்னாலும் ஆமான்னு சொல்லணும்.”

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அனுசுயாவுக்கு அந்த மனிதர்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. கடையில் அவளும் இப்படித்தான். ‘கிட்டத்தட்டச் சேருதே, குடுத்துருங்க’ என்று எத்தனை பேர் சொன்னாலும் கொடுக்க மாட்டாள்.

“அப்போ உட்காருவோம் சார். திரும்பி வரும்.”

“பதினொண்ணு ஆகப் போகுது. பயந்த பறவை. இன்னிக்கு வராது.”

“வரும். அது வாயில என்ன இருந்ததுன்னு கவனிச்சீங்களா? வெட்டுக்கிளி. மரம் பூராப் பழம் இருக்கும்போது வெட்டுக்கிளியைப் பிடிச்சு, முழுங்காம வாயிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தது. அது தனக்கு இல்ல சார். யாருக்கோ கொண்டு போகுது.”

பெனடிக்ட் கேமராவைத் தாழ்த்தினார். அவளையே பார்த்தார். அரை நொடியில் அவள் இவ்வளவு பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது.

“கூடு,” என்றார்.

“அந்தப் பாறைக்குப் பின்னாலதான் போச்சு. நாம கிட்டப் போக வேண்டாம். இங்கேருந்து அந்தப் புறம் தெரியற மாதிரி நாலடி தள்ளி உட்கார்ந்தா போதும்.”

உட்கார்ந்தார்கள். பதினொன்று கடந்தது. பெனடிக்ட் மணி பார்க்கவில்லை. இருந்த தண்ணீரை ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்தார்கள். அனுசுயா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு வெடிப்பு. அதில் ஒரு புதர் முளைத்துச் செழித்திருந்தது.

பதினொன்றே முக்காலுக்கு அது வந்தது. மேலே பாறை உச்சியில் ஒரு கணம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது. வாயில் ஏதோ பச்சைப் புழு. பிறகு புதரின் நுனிக்கு இறங்கியது. வெயில், பாறை, மஞ்சள் தொண்டை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. கேமரா அடிக்கத் தொடங்கியது. புதருக்குள் இருந்து கிறீச் கிறீச்சென்று மெலிந்த குரல்கள். குருவி உள்ளே போய் உடனே வெளியே வந்தது. வாய் காலி. அதற்குள் இன்னொன்று உச்சியில் வந்து இறங்கியது.

இரண்டும் போன பிறகுதான் பெனடிக்ட் கேமராவை மடியில் வைத்தார்.

“மஞ்சள்தொண்டைச் சின்னான்,” என்றார், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி நிறுத்தி. “ஜோடி. குஞ்சுகளோட. பிப்ரவரியில நான் எழுதினது தப்பு மேடம். உங்ககிட்ட ஒரு கேள்விகூடக் கேட்காம எழுதினேன்.”

அனுசுயா சிரித்தாள். நாலு மாதமாக இந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கேட்டதும், அதைவிடப் புதருக்குள் எத்தனை குஞ்சு என்பதுதான் மனசில் ஓடியது.

பெனடிக்ட் அதற்குள் போனை எடுத்துவிட்டார். மேலே சிக்னல் நன்றாக இருந்தது. கேமராத் திரையைப் போனில் படமெடுத்து, குழுவைத் திறந்தார். “இப்பவே போடறேன். இடத்தோட போடறேன். சிரிச்சவங்க எல்லாரும் பார்க்கட்டும்.”

“வேண்டாம் சார்.”

“என்ன?”

“இப்போ போட வேண்டாம். அந்தக் கொம்பன் ஆந்தை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கில்ல?”

பெனடிக்டின் கட்டைவிரல் அப்படியே நின்றது. போன வருஷம், கைவிட்ட ஒரு கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்து, சந்தோஷத்தில் இடத்தோடு குழுவில் போட்டார். ஒரே வாரத்தில் கேமராவோடு ஐம்பது பேர் போனார்கள். படம் மறைக்கிறது என்று யாரோ செடியை வெட்டினார்கள். பத்தாம் நாள் குஞ்சுகள் வெயிலில் செத்துக் கிடந்தன. அதைப் பற்றி அவர் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் பிறகு அந்தப் பக்கமே போனதில்லை.

“ஆனா மேடம்,” என்றார். “இன்னிக்குப் போடலைன்னா உங்களைப் பத்திப் பேசினது அப்படியேதான் நிக்கும். எப்படியும் கேட்பாங்க, போனீங்களே என்ன ஆச்சுன்னு.”

“நிக்கட்டும். இதுங்க பறக்க எத்தனை நாள் ஆகும்?”

“இன்னும் ரெண்டு வாரம் போதும்.”

“அவ்வளவுதானா? நான் ஒரு ஆறு மாசம் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

பெனடிக்ட் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது பாப்பாயி வேப்ப நிழலில் ஆடுகளை மடக்கிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தன் குடத்திலிருந்து இருவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பெனடிக்ட் கேமராத் திரையைக் காட்டினார்.

“இதுவா?” என்றாள் பாப்பாயி. “இது வருஷம் பூரா இந்தப் பாறையில கத்திக்கிட்டுத்தானே கெடக்கு. இதுக்கா திருச்சியில இருந்து வந்தீங்க?”

“இதுக்குத்தாங்க,” என்றாள் அனுசுயா. “வேற யாராவது கேமராவோட வந்து கேட்டா, பார்த்ததே இல்லைன்னு சொல்லுங்க. கூட்டுல குஞ்சு இருக்கு.”

பாப்பாயி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து யோசித்தாள். “சரி. நானும் ஒரு மாசத்துக்கு ஆட்டை அந்தப் பக்கம் விடாம இருக்கேன். பெரிய கஷ்டம்தான், பார்ப்போம்.”

அன்று மாலை குழுவில் அந்தச் சிரிப்பு மனிதர் கேட்கத்தான் கேட்டார். ‘உப்பிலியபுரம் டூர் என்ன ஆச்சு? மஞ்சள் மாட்டுச்சா?’ பெனடிக்ட், ‘நல்ல நாள். மொத்தம் நாற்பத்தொரு வகை’ என்று மட்டும் பதில் போட்டார். அனுசுயா அதைக் கடையில் நின்றபடி படித்தாள். எதிரில் ஒரு பெண், புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அனுசுயா போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, புடவையோடு வாசலுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து இருவரும் மறுபடி போனார்கள். புதருக்குள் கூடு காலியாக இருந்தது. கல்லிச்சிக் கிளையில் வால் வளராத இரண்டு குஞ்சுகள் இறக்கையைப் படபடத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தொண்டையில் மஞ்சள் இன்னும் சரியாக ஏறவில்லை. தாய் பழத்தைப் பிய்த்து ஊட்டியது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள்.

துறையூர் டீக்கடையில் உட்கார்ந்து பெனடிக்ட் செய்தியை எழுதினார். படம் போட்டார். இடத்துக்குப் ‘பச்சைமலை அடிவாரம்’ என்று மட்டும் போட்டார். கடைசியில் இப்படி எழுதினார்: ‘மாவட்டத்தின் முதல் பதிவு பிப்ரவரியில் அனுசுயா ரெங்கராஜ் பார்த்தது. அதை நான் விசாரிக்காமல் தள்ளியது தவறு. அந்தத் தேதியிலேயே பட்டியலில் சேர்க்கப்படுகிறது.’ அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினார்.

“அந்த ‘தவறு’ங்கறதை எடுத்துடலாமே சார்.”

“இருக்கட்டும் மேடம். எழுதினது நான்தானே.” அனுப்பினார். இருவர் போனும் விடாமல் அதிரத் தொடங்கின. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னொரு விஷயம். இனிமே வர்ற பதிவுகளை நான் ஒருத்தனே பார்க்கப் போறதில்ல. நீங்களும் கூட இருங்க.”

“எனக்குப் பாதிப் பறவை பேர் தெரியாது சார்.”

“பேர் என்கிட்ட இருக்கு. கேட்கத்தான் எனக்குத் தெரியல.”

அனுசுயா கொஞ்சம் யோசித்தாள். “ஒரு கண்டிஷன். படம் இல்லைன்னாலும், பார்த்தவங்களைப் போன்ல கூப்பிட்டுப் பேசாம இல்லைன்னு சொல்லக் கூடாது.”

“சரி.”

அடுத்த வாரமே ஒரு செய்தி வந்தது. முசிறிப் பக்கத்து மின் ஊழியர், ஹாலித் என்று பெயர், குழுவுக்குப் புதியவர். கம்பத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்தபோது காவிரி மணல் திட்டில் விசித்திரமான அலகோடு ஒரு பறவையைப் பார்த்ததாகவும், கை நிறைய வயர் இருந்ததால் படம் எடுக்க முடியவில்லை என்றும், தப்பாக இருந்தால் மன்னிக்கவும் என்றும் எழுதியிருந்தார்.

மதியம் இரண்டு மணி. கடையில் யாருமில்லை. அனுசுயா ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த நம்பரை அழுத்தினாள்.

“வணக்கம்ங்க. ஸ்ரீரங்கத்துல இருந்து அனுசுயா பேசறேன், பறவைக் குழுவுல இருந்து. மன்னிப்பெல்லாம் எதுக்குங்க? நீங்க கம்பத்து மேல ஏறினதுல இருந்து ஆரம்பிச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு.”